திருப்பலியிற் கூறப்படும் பெயர்: உரிமை மறுக்கப்படும் பாப்பரசரும் இலங்கைக் கத்தோலிக்கரும்

1

கத்தோலிக்கத் திருப்பலியின் நடுப்பகுதியாகிய நற்கருணை மன்றாட்டிலே குரு இருவர் பெயரைக் கூறுகின்றார். ஒன்று உரோமைப் பாப்பரசருடையது. மற்றையது அவ்விடத்து ஆயருடையது. மன்றாட்டின் நீளத்தோடு ஒப்பிடுகையில் இது சில விநாடிகளில் முடிந்துவிடும் சிறு தொடரே. எனினும், அப்பெயருக்குரியவர் அப்பதவிக்கும் உரியவர்தாமா என்ற ஐயம் எழுமிடத்து, அச்சிறு தொடரே மன்றாட்டு முழுவதிலும் கனமானதாகிவிடுகின்றது. உரிமை மறுக்கப்படும் ஒருவருக்காகத் திருப்பலியில் மன்றாடுவது தகுமா? அவர் பெயரை விட்டுவிடுவது பிளவாகுமா? இதனைத் தீர்மானிக்கும் தகுதி யாருக்கு உண்டு?

இவ்வினாக்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962 - 1965) சீர்திருத்தங்களை ஏற்க மறுத்தோருள் ஒரு சாரார், 1958இல் 12ஆம் பத்திநாதர் இறந்தபின் திருப்பீடம் வெறுமையாகவே உள்ளது என வாதிட்டுத் தம் திருப்பலியிற் பாப்பரசரின் பெயரைக் கூறாது விட்டனர். 2013 பெப்ரவரியில் 16ஆம் ஆசீர்வாதப்பர் பதவி துறந்தபோது, அத்துறவு செல்லாதது என்றும், அவர் வாழும்வரை அவரே பாப்பரசர் என்றும் வேறொரு சாரார் கூறினர். 2024 யூலையில், முன்னாள் வத்திக்கான் தூதுவராகிய பேராயர் விகனோ, பிரான்சிசைப் பாப்பரசராக ஏற்க மறுத்தமைக்காகத் திருச்சபையினின்றும் விலக்கப்பட்டார். இவர்கள் எல்லாரினின்றும் வேறுபட்டது, பேராயர் லெபெவ்ர் 1970இல் நிறுவிய புனித பத்தாம் பத்திநாதர் சபை. பாளையங்கோட்டையிலும் நீர்கொழும்பிலும் இல்லங்களை அமைத்துத் தமிழரிடையேயும் இயங்கிவந்துள்ள இச்சபை, சீர்திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தபோதிலும் திருப்பலியிற் பாப்பரசரின் பெயரைக் கூறும் வழக்கைக் கைவிடவில்லை. இவ்வேறுபாடு கருதத்தக்கது. ஒரே எதிர்ப்பு மனப்பான்மையினின்றும் பிறந்த இரு குழுக்களுள் ஒன்று பெயரைக் கூறுகின்றது, மற்றையது மறைக்கின்றது.

சமய நம்பிக்கையின் மெய்ம்மையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெயர் கூறுதல் என்னும் செயல் வரலாற்றில் எத்தகைய சமூகப் பணியை ஆற்றியுள்ளது, அப்பெயர் பற்றிய தகராறுகளில் எந்நலன்கள் மோதின, அத்தகராறுகளில் அடித்தள மக்களுக்கு இருந்த இடம் யாது என்பனவற்றை, சிறப்பாக இலங்கை அநுபவத்தின் துணைகொண்டு நோக்குவதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும். ஊவாப் பெருந்தோட்டங்களின் நடுவிலிருந்து இவ்வினாவை நோக்குவதற்குக் காரணமுண்டு. அது பின்னர்த் தெளிவாகும்.

2

முதலில் மூன்று செயல்களை வேறுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ஒருவருக்காக மன்றாடுதல் ஒன்று. ஒருவரோடு ஒன்றித்து நிற்பதாக அவர் பெயரைக் கூறுதல் மற்றொன்று. ஒருவருக்குக் கீழ்ப்படிதல் பிறிதொன்று. விவாதத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றாகவே கொள்கின்றனர். குழப்பத்தின் தோற்றுவாய் இதுவே.

முதலாவது செயலைப் பொறுத்தவரை எவ்விதத் தடையும் கிடையாது. கிறித்தவ மரபு தொடக்கந்தொட்டே அரசருக்காகவும் அதிகாரிகளுக்காகவும் மன்றாடி வந்துள்ளது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் இதனை வற்புறுத்துகின்றது. அக்காலத்து அரசரோ கிறித்தவர் அல்லர். பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டுக்களில் நம்பிக்கை அற்றோருக்கும் இடமுண்டு. எனவே போலிப் பாப்பரசர் என ஒருவர் கருதப்படினும் அவருக்காக மன்றாடுதல் மரபுக்கு மாறானதன்று. அவர் போலியே எனின், மன்றாட்டு அவருக்குக் கூடுதலாக வேண்டப்படும் என்றே கூறலாம்.

சிக்கல் இரண்டாவது செயலிலேயே உண்டு. இலத்தீன் நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் வரும் 'ஊனா கூம்' என்ற தொடர், 'உடன் ஒன்றாக' எனப் பொருள்படும். திருச்சபைக்காக ஒப்புக்கொடுக்கப்படும் காணிக்கை, பெயர் குறிக்கப்படும் பாப்பரசரோடும் ஆயரோடும் ஒன்றித்து ஒப்புக்கொடுக்கப்படுகின்றது என்பதே அதன் கருத்து. இது வேண்டுதல் மட்டுமன்று, ஓர் அறிக்கையுமாகும். 'நாங்கள் இன்னாரைச் சார்ந்தோர்' எனச் சபை நடுவே அறிவிக்கும் அறிக்கை அது.

பண்டைத் திருச்சபைகளில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. வழிபாட்டில் வாசிக்கப்படவேண்டிய பெயர்கள் இரட்டைப் பலகைகளில் எழுதி வைக்கப்பட்டன. 484இல் உரோமைக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் பிளவு ஏற்பட்டபோது, அந்நகரத் தலைமை ஆயர் அக்காசியுஸ் பாப்பரசரின் பெயரைப் பலகையினின்றும் நீக்கினார். 519இல் ஒப்புரவு ஏற்பட்டபோது, அக்காசியுசின் பெயர் நீக்கப்பட்டது. சமாதானமும் பகையும் ஒரு பெயரை எழுதுவதாலும் அழிப்பதாலும் அறிவிக்கப்பட்டன. ஸ்பெயின் போன்ற கத்தோலிக்க அரசுகளில் மன்னன் பெயரும் இதே இடத்திற் கூறப்பட்டமையை நோக்குமிடத்து, இத்தொடர் சமய அதிகாரத்தோடு மட்டுமன்றி அரசியல் அதிகாரத்தோடும் கொண்டிருந்த உறவு புலனாகும்.

பெயரைக் கூறாதுவிடுதலும் இதே அளவு பொருளுடையது. பாப்பரசர் இறந்து புதியவர் தெரிவு செய்யப்படும்வரையுள்ள இடைக்காலத்தில், அவருடைய பெயருக்குரிய இடம் விடப்படும் என்பதே விதி. 2025 ஏப்பிரல் 21ஆந் திகதி பிரான்சிஸ் இறந்து, மே 8ஆந் திகதி 14ஆம் லியோ தெரிவாகும்வரை இவ்விதியே உலகெங்கும் பொருந்தியது. ஆகவே மௌனம் என்பது வெறும் தயக்கமன்று. திருப்பீடம் வெறுமை எனப் பொதுவாக அறிவிக்கப்படாத காலத்திற் பெயரை விடும் குரு, அவ்வறிவிப்பைத் தாமே செய்துவிடுகின்றார்.

3

இவ்வினாவின் மிகப் பெரிய வரலாற்று உதாரணம் 1378 முதல் 1417 வரை நீடித்த மேற்றிசைப் பெரும்பிளவாகும். 1378 ஏப்பிரலில் உரோமையில் 6ஆம் உர்பான் தெரிவானார். அதே ஆண்டு செப்டெம்பரில், அவரைத் தெரிவு செய்த கருதினால்மாருட் பெரும்பாலோர், மக்கட் கூட்டத்துக்கு அஞ்சியே அத்தெரிவை நடத்தியதாகக் கூறி, 7ஆம் கிளமென்றைத் தெரிவு செய்தனர். இவர் அவிஞ்ஞோனைத் தலைநகராகக் கொண்டார். 1409இல் பீசாவிற் கூடிய சங்கம் இருவரையும் நீக்கி மூன்றாமவர் ஒருவரைத் தந்தது. இருவர் மூவராயினர். ஈற்றில் கொன்ஸ்தான்சுச் சங்கத்தின் முயற்சியால் 1417 நவம்பரில் 5ஆம் மார்ட்டின் தெரிவானதோடு பிளவு முடிவெய்தியது.

இக்காலத்தில் எக்கோயிலில் எப்பெயர் கூறப்பட்டது என்பதை இறையியல் தீர்மானிக்கவில்லை. பிரான்சு, ஸ்கொத்லாந்து, காஸ்தீல், அரகோன் ஆகியன அவிஞ்ஞோனின் பக்கம் நின்றன. பிரான்சோடு நூற்றாண்டுப் போரில் ஈடுபட்டிருந்த இங்கிலாந்து உரோமையின் பக்கம் நின்றது. அதாவது, ஐரோப்பிய அரசுகளின் நட்பும் பகையும் வரைந்த எல்லைக் கோடே நற்கருணை மன்றாட்டின் எல்லைக் கோடாகவும் அமைந்தது. பிரான்சிய உழவன் ஒருவனும் ஆங்கிலேய உழவன் ஒருவனும் வெவ்வேறு பாப்பரசரின் கீழ் வாழ்ந்தது, அவர்கள் வெவ்வேறு நூல்களை ஆராய்ந்தமையாலன்று. வெவ்வேறு மன்னரின் நிலத்தை உழுதமையாலேயாம்.

புனிதர் எனப் பின்னர்ப் போற்றப்பட்டோரும் இரு பக்கங்களிலும் இருந்தனர். சியன்னா நகரக் கத்தரீன் உர்பானை ஆதரித்தார். வின்சென்ற் பெரர் அவிஞ்ஞோன் பக்கம் நின்று, 1416 சனவரியில் 13ஆம் ஆசீர்வாதப்பர் பதவி துறக்க மறுத்தபோது, அவருக்கான கீழ்ப்படிதல் கைவிடப்பட்டதைப் பகிரங்கமாக அறிவித்தார். இருவரையும் திருச்சபை புனிதராக்கியது. தவறான பெயரைக் கூறிய திருப்பலிகள் பயனற்றவை என எவரும் பின்னர் தீர்க்கவில்லை. 15ஆம் நூற்றாண்டிற் புளோரன்சின் பேராயராக விளங்கிய அந்தோனினுஸ், மெய்யான பாப்பரசர் யார் என்பதை அறியும் கடமை எளிய மக்களுக்கு இல்லை. அவர்கள் தத்தம் மேய்ப்பரைப் பின்பற்றியமையாற் குற்றமற்றவர் என்ற கருத்தை முன்வைத்தார்.

இத்தீர்ப்பு இரக்கமுடையது. அதே வேளை, அது மக்களை அறியாமையில் வைத்துப் பாதுகாக்கும் தீர்ப்புமாகும். அறிவாளிகளின் சமயமும் எளியோரின் சமயமும் இரண்டாகப் பிரிந்துவிடாது பேணுவதிற் கத்தோலிக்கத் திருச்சபை கொண்ட கவனத்தை அந்தோனியோ கிராம்சி சுட்டிக் காட்டியுள்ளார். எளியோரை அறிவாளிகளின் நிலைக்கு உயர்த்துவதன் மூலமன்றி, அறிவாளிகளைக் கட்டுப்படுத்துவதன் மூலமே இது சாதிக்கப்பட்டது என்பது அவர் கணிப்பு. அந்தோனினுசின் தீர்ப்பு இக்கணிப்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆயினும், இதற்கு மறுதலையான மற்றொரு கருத்தும் கத்தோலிக்க இறையியலிலேயே வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் தோமையிய அறிஞராகிய 'தோமாவின் யோவான்' முதலியோர், திருச்சபை முழுவதும் அமைதியாக ஏற்றுக்கொண்ட பாப்பரசரின் உரிமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது என வாதிட்டனர். தெரிவில் நிகழ்ந்திருக்கக்கூடிய குறைபாடுகளை அப்பொது ஏற்பு பொருளற்றதாக்கிவிடுகின்றது என்பது இதன் சாரம். திருப்பீட வெறுமைவாதிகளுக்கு எதிராக இன்று முன்வைக்கப்படும் முதன்மையான வாதமும் இதுவே. இக்கோட்பாட்டின் உட்கிடையை அதனை உருவாக்கியோர் முழுமையாக விரும்பியிருப்பரோ என்பது ஐயமே. ஏனெனில், உச்சியில் உள்ளவரின் உரிமைக்குச் சான்று அடியில் உள்ளோரின் ஏற்பே என அது ஒப்புக்கொள்கின்றது.

4

இலங்கையில் இவ்வினா வேறொரு வடிவில் எழுந்தது. இங்கு பாப்பரசர் யார் என்பதில் ஐயமில்லை. அவருக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவர் யார் என்பதே தகராறு. ஆனால் அத்தகராறு, முடிவில், பாப்பரசரின் பெயரையே விலக்கும் நிலைக்குச் சிலரை இட்டுச் சென்றது.

போர்த்துக்கேய மன்னர் தம் ஆள்புலங்களிற் கோயில்களை நிறுவி ஆதரித்தமைக்குக் கைம்மாறாக, ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் பாப்பரசரிடமிருந்து பெற்றிருந்தனர். 'பதுருவாதோ' எனப்படும் இவ்வுரிமையின் கீழ் 1534இற் கோவா மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. இலங்கை பின்னர் கொச்சி மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1622இல் உரோமை தன் நேரடி ஆட்சியை விரிவாக்கும் பொருட்டு மறைபரப்புத் திருச்சங்கத்தை, அதாவது 'புரொப்பகாந்தா'வை நிறுவியபோது, ஒரே நிலத்தில் ஈரதிகாரங்கள் மோதுவதற்கான அடித்தளம் இடப்பட்டது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கத்தை இலங்கையில் உயிர்ப்பித்தோர் கோவாவின் இந்தியக் குருமாரே. 1687இல் யாழ்ப்பாணம் வந்து 1711இற் கண்டியில் இறந்த யோசே வாஸ், 1705இல் வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் ஆகியோரின் பணி இவ்வகையில் அடிப்படையானது. குருவைக் காண்பதே அரிதாயிருந்த அந்நாட்களில், மூப்பரும் அண்ணாவிமாரும் கோயில்களை நடத்தினர். இதனால் இலங்கைக் கரையோரக் கத்தோலிக்கரிடையே கோவாக் குருமாரின் மீது பற்றும், கோயில் தமது சொத்து என்ற உணர்வும் ஒருங்கே வளர்ந்தன.

1834இல் 16ஆம் கிரகோரியார் இலங்கையைக் கொச்சியினின்றும் பிரித்துத் தனி விகாரியாட்சியாக்கினார். அதே ஆண்டிற் போர்த்துக்கலின் தாராளவாத அரசு துறவற சபைகளைக் கலைத்தது. 1838இல் 'முல்த்தா பிரெக்கிளாரே' என்னும் ஆணை, கொச்சி, மயிலாப்பூர் முதலிய பதுருவாதோ ஆயர் பீடங்களின் அதிகாரத்தைப் புரொப்பகாந்தாவின் விகாரிகளிடம் ஒப்படைத்தது. கோவாத் தரப்பினர் இதனை ஏற்கவில்லை. ஆணை போலியானது என்றும், அரச இசைவு பெறாதமையாற் செல்லாதது என்றும் வாதிட்டனர். தமிழகக் கரையோரத்திலும் பம்பாயிலும் போலவே இலங்கையிலும் கோயில்கள் இரு தரப்பாயின. இரு தரப்பினரும் ஒரே பாப்பரசரின் பெயரையே கூறினர். ஆயர் யார் என்ற வினாவிலேயே முரண்பட்டனர்.

இம்முரண்பாட்டை வெறும் திருச்சபைச் சட்டப் பிரச்சினையாகக் கொள்ளல் தவறாகும். 1840களில் இத்தாலியரான பெத்தக்கினி, 1847இல் வந்து சேர்ந்த அமலமரித் தியாகிகள் சபையினர் முதலிய ஐரோப்பியர், பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியின் நிழலிற் கோயில்களை மையப்படுத்திய நிருவாகம் ஒன்றின் கீழ்க் கொணரத் தொடங்கினர். கோயிற் சொத்து யார் கையில் இருத்தல் வேண்டும், மீனவர் செலுத்தும் மீன் வரியின் வருமானம் யாருக்குரியது, திருவிழாவை நடத்துவோர் மூப்பரா குருவா என்பனவே கரையோர ஊர்களில் எழுந்த உண்மையான வினாக்கள். உள்நாட்டினராகிய கோவாக் குருமாரை ஐரோப்பியர் இகழ்ந்து நோக்கிய நிறவேற்றுமையும் இதனோடு கலந்தது. மன்றாட்டிற் கூறப்பட்ட ஆயரின் பெயர் இவை எல்லாவற்றுக்கும் குறியீடாக அமைந்தது.

ஆயின், கோவாத் தரப்பை முற்போக்கானது என எளிதில் முத்திரை குத்துவதும் பொருந்தாது. உள்நாட்டுக் குருமாரின் தன்மானத்துக்காக அவர்கள் ஏந்திய கொடி போர்த்துக்கேய மன்னனின் கொடியாகும். ஒரு குடியேற்ற ஆதிக்கத்தை எதிர்ப்பதற்கு, அதற்கு முந்திய குடியேற்ற ஆதிக்கத்தின் சலுகைப் பத்திரத்தை அவர்கள் நாடினர். தேசியக் கருத்துநிலை இன்னும் தன் சொந்த மொழியைக் கண்டடையாத காலகட்டத்தின் முரண்பாடு இது.

5

1886 யூனில் உரோமைக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையும், அதே ஆண்டு செப்டெம்பரில் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட ஆணையும் இலங்கையிற் பதுருவாதோவுக்கு முடிவு கட்டின. கொழும்பு உயர் மறைமாவட்டமும் யாழ்ப்பாணம், கண்டி மறைமாவட்டங்களும் நிறுவப்பட்டன. லிஸ்பனும் உரோமையும் பேசி முடித்த இவ்வேற்பாட்டில், பதுருவாதோக் கோயில்களின் மக்கள் எவரும் கலந்துபேசப்படவில்லை. அவர்களுட் சிலர் கொழும்பிலே திரண்டு பதுருவாதோவைக் காக்கும் சங்கம் ஒன்றை அமைத்தனர். மன்னனும் கைவிட்ட உரிமையை மக்கள் காக்க முற்பட்டமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

உரோமை இணங்காதபோது அவர்கள் மலங்கரையை நாடினர். கோவாக் குருவாகிய அந்தோனியோ பிரான்சிஸ்கோ சவியேர் அல்வாரெஸ், 1889 யூலையில் கோட்டயத்தில் அந்தியோக்கிய யாக்கோபியத் தலைமையை ஏற்ற மலங்கரை ஆயர்களால் முதலாம் மார் யூலியஸ் என்ற பெயரில் இலங்கை, கோவா, இந்தியா ஆகியவற்றின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மன்னார்ப் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கரிடையேயும் இவ்வியக்கத்துக்கு ஆதரவு இருந்தது. 1892 மே மாதத்தில் அல்வாரெஸ் கொழும்பில், நல்ல மரண மாதா கோயிலில், அமெரிக்காவிலிருந்து வந்த யோசெப் ரெனே விலாத் என்பாரை ஆயராக்கினார். இச்சபையினர் இலத்தீன் வழிபாட்டு முறையைக் கைவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. உடை, மொழி, சடங்கு யாவும் முன்போலவே இருந்தன. மாறியது தலைமை ஒன்றே. வழிபாட்டின் உருவம் முழுவதும் அப்படியே நிற்க, அதன் அரசியல் ஒரு பெயரில் மட்டும் தங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர் கோவா வழியினரான கொழும்பு மருத்துவர் லிஸ்போவா பின்ரோ. 1893இற் கொழும்பில் கேவ் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததைத் தொடர்ந்து, இலங்கையின் முதலாவது தொழிற்சங்கமாகிய அச்சகத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் தலைவர் இதே பின்ரோ ஆவர். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன இச்சங்கத்தின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்துள்ளார். திருப்பலியிற் கூறப்படும் பெயரைக் கேள்விக்குள்ளாக்கியவரே, முதலாளியின் சம்பளப் பட்டியலையும் கேள்விக்குள்ளாக்கினார் என்பது தற்செயல் நிகழ்ச்சியன்று. மேலிருந்து விதிக்கப்பட்ட ஒரு தலைமையை மறுக்கும் துணிவு, மற்றொரு தலைமையை மறுக்கும் துணிவுக்குப் பயிற்சிக் களமாக அமையக்கூடும். அதே வேளை, இரண்டின் விளைவுகளும் வேறுபட்டன. பெயரை மாற்றிய சபை இலங்கையிற் சுருங்கி மறைந்தது. அச்சகத் தொழிலாளர் தொடங்கிய மரபோ நாடு முழுவதும் பரவியது. உயர்ந்தோர் ஒருவரின் பெயருக்குப் பதிலாக வேறோர் உயர்ந்தோர் பெயரை வைக்கும் போராட்டத்துக்கும், பெயரற்றோரை அமைப்பாக்கும் போராட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

6

இனி ஊவாவை நோக்குவோம். திருச்சி, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்குக் கொணரப்பட்ட தொழிலாளரிற் சிறுபான்மையினர் கத்தோலிக்கர். கரையோர மீனவருக்கு இருந்தது போன்ற கோயிற் சொத்தோ மூப்பர் அதிகாரமோ அவர்களுக்கு இல்லை. தோட்டத்து நிலம் யாவும் கம்பெனியுடையது. அந்தோனியார் சிற்றாலயமும் துரையின் அநுமதியால் நின்றது. கண்டி மறைமாவட்டத்தின் கீழிருந்த இம்மலைப்பகுதிக்குக் குரு இடையிடையே வந்து பூசை செய்தார். அப்பூசையில், நற்கருணை மன்றாட்டு இலத்தீனில், தாழ்ந்த குரலில், மக்களுக்குக் கேளாதவாறு ஓதப்பட்டது. 1967இலேதான் அம்மன்றாட்டை மக்கள் மொழியில் உரத்துக் கூறுதல் அநுமதிக்கப்பட்டது. எனவே, தோட்டங்கள் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, யார் பெயரால் தம் காணிக்கை ஒப்புக்கொடுக்கப்பட்டது என்பதைத் தொழிலாளர் தம் காதாற் கேட்டதில்லை. ஏற்பே பாப்பரசரின் உரிமைக்குச் சான்று என்ற கோட்பாடு இவர்களையும் ஏற்றோராகக் கணக்கிட்டது. கேட்காத பெயரை ஏற்ற மக்கள் இவர்கள்.

ஆனால், பெயர் கூறுதல் என்பதன் பொருளை இம்மக்கள் அறியாதவர் அல்லர். தோட்டத் தமிழிலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனியொரு பொருளுண்டு. ஒரு நாள் வேலைக்கான கூலிப் பதிவே 'பேர்'. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்கு 'அரைப்பேர்' போடப்பட்டது. காலைப் பெரட்டிற் கூப்பிடப்படாதவருக்கும் செக்ரோலிற் பதியப்படாதவருக்கும் அன்றைய வயிறு இல்லை. பெயரை உச்சரிக்கும் அதிகாரம் உயிர் வாழ்க்கையின் மீதான அதிகாரம் என்பதைத் திருச்சபைச் சட்ட அறிஞரைவிடக் கொழுந்து பறிக்கும் பெண் நன்கறிவாள்.

அரசின் பதிவேட்டிலும் இக்கதையே நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் பெயரை நாட்டின் பட்டியலினின்றும் நீக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் பங்கீட்டைப் பின்போட்டது. நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. உரிமை ஐயத்துக்குரிய பாப்பரசரைப் பற்றி நூல்கள் எழுதப்பட்ட உலகில், உரிமை ஐயத்துக்குரியோராக ஆக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் பல தசாப்தங்கள் வாழ்ந்தது.

1972இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வசதி மிக்க அப்பீடத்தை விட்டுத் தாமே விரும்பி வறிய இம்மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் 'சேவக செவண' என்னும் புதுமுறைக் குருத்துவப் பயிற்சி நிலையத்தை ஏற்படுத்தினார். அங்கு அவரோடு பணியாற்றிய மைக்கல் றொட்றிகோ அடிகள், பின்னர் 1980இல் புத்தளையை அடுத்த சிங்களக் கிராமமொன்றிற் பௌத்த உழவரோடு வாழத் தொடங்கினார். 1987 நவம்பர் 10ஆந் திகதி மாலைத் திருப்பலியின் வேளையிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உரோமையின் பெயரைக் கூறும் திருப்பலியை நிறைவேற்றிக்கொண்டே, உரோமை வகுத்திராத வழியில் நடந்த குருமார் இவர்கள்.

திஸ்ஸ பாலசூரிய அடிகளின் வழக்கு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. மரியாள் பற்றி 1990இல் அவர் வெளியிட்ட நூலுக்காக 1997 சனவரியில் அவர் திருச்சபையினின்றும் விலக்கப்பட்டார். தமக்கென விசேடமாக எழுதப்பட்ட விசுவாச அறிக்கையிற் கையொப்பமிட அவர் மறுத்தார். ஆனால் பாப்பரசரின் உரிமையை அவர் மறுக்கவில்லை, பாப்பரசரிடமே முறையிட்டார். உலகளாவிய கண்டனத்தின் பின்னர் 1998 சனவரியில் விலக்கு நீக்கப்பட்டது. பெயரைக் கூறுதலும் கீழ்ப்படிதலும் ஒன்றல்ல என இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறப்பட்ட வேறுபாடு, இங்கு ஒரு முதியவரின் வாழ்வில் நடைமுறையாகியது.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகளைத் தொகுத்து நோக்கலாம்.

உரிமை மறுக்கப்படும் பாப்பரசருக்காக மன்றாடுவது கத்தோலிக்க மரபின்படி தகும். அதில் ஐயமில்லை. திருச்சபை பொதுவாக ஏற்ற ஒருவரின் பெயரைத் திருப்பலியிற் கூறுவதும் தகும். அவ்வாறு கூறிய எளிய மக்கள் பெரும்பிளவின் காலத்திலும் குற்றவாளிகளாக்கப்படவில்லை. பெயரை விடுதலோ, தனியொருவர் தம் தீர்ப்பைப் பொதுத் தீர்ப்பாக்கும் செயலாகும். அரசும் அல்வாரெசும் போன்று புதிய தலைமையைக் காட்டவும் இயலாமல், பழைய தலைமையை ஏற்கவும் இயலாமல், பெயரின் இடத்தை வெறுமையாக விடுவோர், திருத்தப்படக்கூடிய ஓர் அதிகாரத்தின் இடத்தில், எவராலும் கேள்வி கேட்கமுடியாத தம் சொந்த அதிகாரத்தை அமர்த்துகின்றனர். தூய்மையின் பெயரால் நிகழும் இவ்விலகல் எதிர்ப்பைப் போலத் தோன்றினும், போராட்டத்தினின்றும் ஒதுங்குதலேயாம். பெயரைக் கூறிக்கொண்டே கீழ்ப்படிய மறுத்தோரின் எதிர்ப்பு இதனைவிடக் கடினமானது, பயனும் மிக்கது.

எனினும், வினா இத்தோடு முடியவில்லை. மக்களின் ஏற்பே தலைமையின் உரிமைக்குச் சான்று எனக் கூறும் கோட்பாடு, அம்மக்களை மௌன சாட்சிகளாக மட்டும் வைத்திருக்க முடியாது. 1378இல் உழவரும், 1886இல் மீனவரும், பின்னர் தோட்டத் தொழிலாளரும் கேட்கப்படாமலே ஏற்றோராகக் கணிக்கப்பட்டனர். ஏற்பு மெய்யான ஏற்பாக வேண்டுமாயின், மறுக்கும் உரிமையும் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருத்தல் வேண்டும். தமிழில், உரத்த குரலில், அப்பெயர் கூறப்படத் தொடங்கியமை இத்திசையிலான முதற்படி எனக் கொள்ளத்தக்கது. கேட்கும் பெயரைப் பற்றியே வினா எழுப்ப இயலும்.

நற்கருணை மன்றாட்டிற் பெயருக்கு இடமுள்ள பகுதி ஒன்று மட்டுமன்று. ஆள்வோரின் பெயர் கூறப்பட்டபின், இறந்தோரை நினைவுகூரும் பகுதி வருகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் அமிழ்ந்தபோது, காணாமற் போனோரின் எண்ணிக்கையே நாளுக்கு நாள் மாறி அறிவிக்கப்பட்டது. செக்ரோலில் அரைப்பேராயிருந்தோர் இறந்தோர் பட்டியலிலும் உறுதியான எண்ணாக இல்லை. எந்தப் பாப்பரசரின் பெயரைக் கூறுவது என்பதிற் பல நூற்றாண்டுகளாகக் காட்டப்பட்டுவரும் கண்டிப்பில் ஒரு சிறு பங்கேனும், சமயம் எதுவாயினும் இம்மனிதரின் பெயர்களைச் சரியாக அறிந்து கூறுவதிற் காட்டப்படுமாயின், அம்மன்றாட்டுக்கு இம்மலைகளிற் கிடைக்கும் பொருள் வேறாக இருக்கும்.